சாரணர் முகாம்: பிரவுன்சீ முதல் அடையாறு வரை

சாரணர் இயக்கத்தின் முதல் முகாம் ஒரு தீவில் நடந்தது. 1907 ஆகஸ்டில் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலுள்ள பிரவுன்சீ தீவுக்குச் சுமார் இருபது சிறுவர்களை அழைத்துச் சென்றார். செல்வர் பள்ளி மாணவர்களும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் கூடாரங்களில் ஒன்றாகத் தங்கினர். அவர்கள் நான்கு அணிகளாகப் பிரிந்தனர்; ஒவ்வொன்றும் தன் தலைவனின் பொறுப்பில் இயங்கியது. இந்த அணி ஏற்பாடு இன்றும் சாரணர் இயக்கத்தில் தொடர்கிறது.

1909இல் பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் படை தொடங்கியது. ஆனால் அதில் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கே இடம். நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தால் நாளை அது அரசுக்கு எதிராகத் திரும்பும் என்ற அச்சமே காரணம். அந்த அநீதிக்குச் சென்னையிலிருந்து துணிவான விடை எழுந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசன்ட், அச்சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். பெசன்ட் வாழ்ந்த சபை வளாகம், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியது. தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, இந்தியப் பாடல்கள் எனச் சாரணியம் இந்நாட்டு உருப்பெற்றது.

1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது இச்சங்கம் தாய் இயக்கத்துடன் இணைந்தது. ஆனால் அலகாபாத்தின் சேவா சமிதி சாரணர் சங்கம் தனித்தே நின்றது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று சாரணர் அமைப்புகள் ஒன்றாகி, பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு சாரணியரும் அதில் சேர்ந்தனர்.