கொல்லைக்குச் சென்ற நீர்: சென்னை வீடுகளின் மாற்றமும் வறட்சி தாங்கும் தோட்டமும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னையின் பழைய வீடுகளில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீருமே கொல்லைத் தோட்டத்தை வளர்த்தன. குழாய்நீரும் பாதாளச் சாக்கடையும் வந்தபின் இத்தொடர்பு அறுந்தது. 2003ஆம் ஆண்டின் மழைநீர்ச் சேகரிப்புச் சட்டம் கூரைநீரை மண்ணுக்கு மீட்டது. வீட்டுக்குள் பயன்பட்ட நீர் அதன் எல்லைக்கு வெளியே நின்றது. வறட்சி தாங்கும் தோட்டம் செடித் தேர்வை மட்டும் சார்ந்ததன்று, வீட்டின் நீர்வழியையும் சார்ந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கொல்லை, முற்றம், பாதாளச் சாக்கடை, மழைநீர்ச் சேகரிப்பு, வறட்சித் தோட்டம்.

முன்னுரை

சென்னை ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெறும் நகரமாகும். அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. குறுகிய காலத்தில் கொட்டும் நீரை எஞ்சிய மாதங்களுக்கு வைத்துக்கொள்வது எவ்வாறு என்பது இந்நகரின் நெடுநாளைய சிக்கல். ஏரி, கால்வாய், கோயிற்குளம் ஆகியன இச்சிக்கலுக்குரிய விடைகளாகப் பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. வீட்டுமனையும் அத்தகைய ஒரு விடையாக இருந்தது என்பது அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை.

முற்றமும் கொல்லையும்

மழைநீரைக் கட்டடத்தின் ஓர் உறுப்பாகக் கருதும் மரபு தமிழில் பழமையானது. நெடுநல்வாடை காட்டும் அரண்மனையில், நிலாமுற்றத்து மழைநீர் மகரமீன் வாய்போல் அமைந்த தூம்பின் வழியே அருவியென வீழ்கிறது. பிற்கால ஊர்த்தெரு வீடுகளில் நாற்புறத்து ஓட்டுக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்தன. முதல் மழையில் கூரை கழுவப்பட்டபின், அண்டாவிலும் குடத்திலும் நீர் பிடிக்கப்பட்டது. மிகுந்தது சலதாரை வழியே வெளியேறியது.

கொல்லையில் செடிகள் நின்ற இடம் தற்செயலானதன்று. குளியலறை நீர் விழும் வாய்க்காலோரம் வாழையும் சேம்பும், கிணற்றடியில் தென்னையும் நின்றன. சற்றுத் தள்ளிக் கறிவேப்பிலை, மருதாணி, முருங்கை ஆகியன வளர்ந்தன. எவரும் நீர் ஊற்றாத வேலியோரத்தில் நொச்சியும் ஆடாதோடையும் தழைத்தன. நீர்வேட்கையின் அளவுப்படி செடிகளை வகுத்து நடும் முறை இது. அமெரிக்காவின் டென்வர் நகர நீர்வாரியம் 1981ஆம் ஆண்டில் ‘சீரிஸ்கேப்’ என்று பெயரிட்டுப் பரப்பிய வறட்சித் தோட்டக் கோட்பாட்டிலும் இதுவே ஒரு முதன்மை விதியாகும். ஆயினும் டென்வரின் கோட்பாடு தோட்டத்திற்கு ஊற்றும் நீரைக் குறைப்பதில் கருத்துச் செலுத்தியது. கொல்லையோ ஒருமுறை பயன்பட்ட நீரை மறுமுறை பயன்படுத்தியது.

இவ்வமைப்பைப் பொற்காலமாகக் காட்டுதல் பொருந்தாது. கிணற்றுநீரை இறைத்துச் சுமந்த உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. கொல்லையின் கடைசியில் உலர் கழிப்பறை இருந்தது. அதைத் துப்புரவு செய்யச் சாதியின் பெயரால் சிலர் கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்கள் வருவதற்கென்றே பின்புறச் சந்துகள் விடப்பட்டன. மேலும் கொல்லையும் கிணறும் மனையுடையோருக்கே வாய்த்தவை.

குழாயும் சாக்கடையும்

1872ஆம் ஆண்டில் செங்குன்றம் ஏரிநீர் கீழ்ப்பாக்கத்திற்குக் கொண்டுவரப்பட்டு நகருக்கு வழங்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் பாதாளச் சாக்கடை படிப்படியாக விரிந்தது. நோய்த்தடுப்பிலும் உலர் கழிப்பறையை அகற்றுவதிலும் இதன் பங்கு மறுக்க இயலாதது. ஆனால் கழிப்பறை நீரும் குளித்த நீரும் ஒரே குழாயில் கலந்தன. தோட்டத்திற்குரியதாக இருந்த நீர் அன்றுமுதல் ‘கழிவு’ என்னும் ஒற்றைப் பெயருக்குள் அடங்கியது.

தோட்டம் பற்றிய சுவையும் மாறிக்கொண்டிருந்தது. ஆங்கிலேய அதிகாரிகளும் வணிகர்களும் வாழ்ந்த தோட்ட வீடுகளின் புல்தரை உயர்குடி வாழ்வின் அடையாளமாயிற்று. 1835ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அயல்நாட்டுச் செடிவகைகளின் அறிமுகத்திற்குத் துணைநின்றது. காலப்போக்கில் புல்தரையும் குரோட்டன்சும் நடுத்தர வீடுகளின் முன்புறத்தை அடைந்தன. பின்புறத்து வாழை கழிவுநீரில் வளர்ந்தது; முன்புறத்துப் புல்லோ நன்னீரையே வேண்டி நின்றது.

20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தனிவீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுந்தபோது கொல்லை மறைந்தது. கட்டடத்தைச் சுற்றி விடப்பட்ட இடம் வாகன நிறுத்தத்திற்காகச் சிமெண்டால் மூடப்பட்டது. திறந்த கிணறுகள் தூர்க்கப்பட்டு ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. நிலத்தடி நீரெடுப்பை ஒழுங்குபடுத்த 1987ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் தேவைப்பட்டது.

2003ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் எல்லையும்

கடும் வறட்சியின் நடுவே 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு, புதிய கட்டடங்களுக்கு மட்டுமன்றி ஏற்கெனவே உள்ள கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மாடிநீரைக் குழாய் வழியே உறைகிணற்றிலோ கசிவுக் குழியிலோ இறக்குமாறு பணித்தது. தவறினால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும், அமைப்பைக் கட்டிமுடித்துச் செலவை வீட்டுரிமையாளரிடம் பெறவும் சட்டம் இடமளித்தது. குறுகிய காலத்தில் ஒரு நகரமே தன் வீடுகளைத் திருத்திக்கொண்ட அரிய நிகழ்வு இது.

எனினும் சட்டம் வீட்டைக் கூரையும் குழியும் கொண்ட ஒன்றாகவே கண்டது. கூரைநீர் மழைக்காலத்தில் மட்டும் கிடைப்பது. குளித்த நீரோ கோடையிலும் நாள்தோறும் கிடைப்பது. முந்தையது நிலத்தடியை நிரப்பியது. பிந்தையது சாக்கடையிலேயே ஓடியது. பல இடங்களில் கசிவுக் குழிகள் தூர்வாரப்படாமல் அடைபட்டன. 2019 ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரும் நிலை சென்னைக்கு ஏற்பட்டது.

பழைய முறையை அப்படியே மீட்பதும் இயலாது. சீயக்காயும் பயற்றமாவும் கலந்த நீரை மண் எளிதில் ஏற்றது. இன்றைய சலவைத்தூளின் சோடிய உப்புகள் தொடர்ந்து சேர்ந்தால் மண் இறுகி, நீர் உட்புகும் தன்மையை இழக்கிறது. இதற்கு விடை தேடியோருள் வேதியியலாளர் இந்துகாந்த் ரகடே குறிப்பிடத்தக்கவர். குளித்த, துவைத்த நீரைக் கல்வாழை போன்ற செடிகள் நிற்கும் பாத்தியில் விட்டு மண்ணுக்குள் இறக்கும் முறையை அவர் சென்னையில் பரப்பினார். கொல்லை வாய்க்காலின் கருத்து அறிவியல் விளக்கத்துடன் மீண்ட இடமாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

சென்னை வீட்டின் நீர்வழி இருமுறை மாற்றியமைக்கப்பட்டது. பாதாளச் சாக்கடை தூய்மையைத் தந்து, தோட்டத்தின் நீரை எடுத்துக்கொண்டது. மழைநீர்ச் சட்டம் நிலத்தடி நீருக்கு வழிசெய்தது, தோட்டத்தை எண்ணவில்லை. குளியலறையைப் புதுப்பிக்கும்போது கழிப்பறைக்கு ஒன்றும் குளிக்கும் நீருக்கு ஒன்றுமாக இரு குழாய்கள் இடுவது எளிது. தளம் மூடப்பட்டபின் அரிது. எனவே தோட்டத்தின் வறட்சி தாங்கும் திறன் செடி நடும் நாளுக்கு முன்பே, வீட்டைத் திருத்தும் நாளில் முடிவாகிவிடுகிறது. கொத்தனாரும் குழாய்ப் பணியாளரும் எடுக்கும் முடிவுகளையும் நீர் வரலாற்றின் பகுதியாக ஆராய்வது இனித் தேவையாகிறது.