ஒரு சொல்லுக்கு உரை சொல்லும் அதிகாரம் யாருக்கு?

வாலாஜாபாத்திலிருந்து மேற்கே போனால் காஞ்சிபுரம். அதையும் தாண்டி பெங்களூர் சாலையில் போனால் திருப்புட்குழி. இராமானுசர் அங்கேதான் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டார் என்கின்றன வைணவ குருபரம்பரைக் கதைகள். சாந்தோக்கிய உபநிடதத்தின் 'கப்யாசம்' என்ற ஒரே சொல்லில் குருவும் சீடரும் முரண்பட்டார்களாம். இறைவனின் கண்ணைக் குரங்கின் பின்புறத்தோடு ஒப்பிட்டு குரு உரை சொன்னார். அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த சீடரின் கண்ணீர் சூடாக அவர் தொடையில் விழுந்தது. கதிரவனால் மலர்ந்த தாமரை என்பதே பொருள் என்றார் சீடர்.

அந்தத் திண்ணையில் நமக்கு இடம் இருந்ததா தோழர்களே? வேதம் கற்கச் சூத்திரருக்கு அதிகாரமில்லை என்று இராமானுசரின் ஸ்ரீபாஷ்யமே சொல்கிறது. சூத்திரருக்கே இல்லையென்றால் சேரிக்கு ஏது? அதே இராமானுசர் திருக்கோட்டியூர்க் கோபுரம் ஏறி எல்லோருக்கும் மந்திரம் சொன்னார் என்பதும் அதே மரபு சொல்லும் கதைதான். இதில் எது மரபின் 'உண்மையான' பொருள்?

1981இல் பாரிஸில் இரண்டு தத்துவவாதிகள் சந்தித்தபோது எழுந்த சிக்கலும் இதற்கு நெருக்கமானது. ஜெர்மனியின் காடமர் பொருள்கோளியலைச் சேர்ந்தவர். மரபோடு உரையாடித்தான் எதையும் புரிந்துகொள்கிறோம், அதற்கு நல்லெண்ணம் வேண்டும் என்றார். கட்டுடைப்பை முன்வைத்த பிரான்சின் தெரிதா அந்த நல்லெண்ணத்தையே கேள்வி கேட்டார். புரிதல் என்பது தொடர்ச்சியில் பிறக்கிறதா, முறிவில் பிறக்கிறதா என்றார்.

அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சண்டை இந்தியாவில் நடந்துவிட்டது. லாகூர் மாநாட்டில் பேச முடியாமல் போன உரையை 1936இல் 'சாதி ஒழிப்பு' என்று அம்பேத்கர் தாமே அச்சிட்டார். சாத்திரங்கள் உண்மையில் சாதியைச் சொல்லவில்லை என்று இலக்கணம் பேசிப் பயனில்லை, மக்கள் அவற்றை எப்படிப் புரிந்து நடக்கிறார்கள் என்பதே முக்கியம், ஆகவே சாத்திரங்களின் அதிகாரத்தையே தகர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு மதத்தை அதன் மோசமான மாதிரிகளைக் கொண்டு எடைபோடக் கூடாது, சிறந்தவற்றைக் கொண்டே எடைபோட வேண்டும் என்று 'ஹரிஜன்' இதழில் காந்தி பதில் எழுதினார். திருக்கோட்டியூர் கோபுரத்தைக் காட்டி ஸ்ரீபாஷ்யத்தை மறக்கச் சொல்வதும் இதே வாதம்தான்.

அப்படியென்றால் கட்டுடைப்பு மட்டும் போதுமா? அயோத்திதாசரைப் பாருங்கள். 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். பிராமணர் என்ற சொல்லையே இரண்டாகப் பிளந்தார்: அறவழியில் நின்ற பௌத்தர்கள் யதார்த்த பிராமணர், அவர்களைப் போல வேடமிட்டவர்கள் வேஷ பிராமணர். அந்த வேடத்தை ஊருக்குப் பறைந்தவர்களே பறையர் ஆக்கப்பட்டார்கள் என்றார். உயர்வு, தாழ்வு என்ற இணையைத் தலைகீழாகப் புரட்டியதில் இது கட்டுடைப்பு. இழந்த பௌத்த வரலாறு ஒன்றை மீட்க முயன்றதில் இது பொருள்கோள். அவருடைய சொல்லாராய்ச்சி முழுவதையும் இன்று அப்படியே ஏற்க முடியாது. ஆனால் உரை கேட்கவே தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களிடமிருந்து ஓர் உரையாசிரியர் எழுந்தார் என்ற உண்மையை யாராலும் மறுக்க முடியாது.

அம்பேத்கரும் தகர்ப்போடு நிற்கவில்லை. 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' ஒரு மாபெரும் மறுவாசிப்பு. முதியவர், நோயாளி, பிணம் ஆகிய காட்சிகளைக் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. 29 வயதுவரை ஒருவர் இவற்றைக் காணாமலா இருந்திருப்பார் என்று கேட்டார். ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியருக்கும் கோலியருக்கும் மூண்ட பகையில், போரை எதிர்த்ததால் வெளியேறியவராகப் புத்தரைக் காட்டினார்.

இதில் வரிசை முக்கியம். முதலில் நூலின் அதிகாரத்தைக் கழற்ற வேண்டும். பிறகு நம் அறிவையும் அறத்தையும் அளவுகோலாக வைத்து வாசிக்க வேண்டும். அதிகாரத்தைத் தொடாமல் உரையை மட்டும் மாற்றினால் அது சமரசம். தகர்ப்போடு நின்றுவிட்டால் நம் வரலாற்றை நாம் எழுத முடியாது.

"அசல் சாத்திரம் அப்படிச் சொல்லவில்லை" என்று அடுத்த முறை உங்கள் வகுப்பறையில் யாராவது சொன்னால், சமஸ்கிருத இலக்கணத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். அது சொல்லியிருந்தால் அதைக் கைவிடத் தயாரா என்று மட்டும் கேளுங்கள்.