உறைகிணறு: சொல்லும் பொருளும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு 348 கிலோமீட்டர் ஓடி, செங்கல்பட்டு மாவட்டத்தின் வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்தை ஒட்டிய சிற்றூர் வசவசமுத்திரம். இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தது. மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்களோடு, சுடுமண் வளையங்களை அடுக்கி இறக்கிய கிணறுகளும் வெளிப்பட்டன. கடலோடிகளும் வணிகரும் புழங்கிய ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றின் நீர் ஏற்பாடு அது. அதற்குத் தமிழில் பழைய பெயரே இருக்கிறது: உறைகிணறு.

‘உறை’ என்ற பெயர்ச்சொல்லுக்கு உள்ளே கொண்டு காப்பது என்று பொருள். வாளுறை, தலையணை உறை, கடித உறை எல்லாம் அந்தப் பொருளில் பிறந்தவை. மலையாளத்தில் ‘உற’, கன்னடத்தில் ‘ஒறெ’, தெலுங்கில் ‘ஒர’ என இச்சொல் திராவிட மொழிகளில் பரவியிருக்கிறது. தங்குதல், இறுகுதல் என்ற பொருள்களில் வரும் ‘உறைதல்’ என்ற வினையோடு ஒலி ஒத்தாலும், கிணற்றின் உறைக்குப் பொருந்துவது காப்பு என்ற பொருளே. சுற்றியுள்ள மணல் சரிந்து குழியை மூடாதபடி அது காக்கிறது.

கேணி, கூவல், துரவு என்று நீர்க்குழிகளுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. திருக்குறள் மணற்கேணியைச் சொல்கிறது. ஆற்று மணலில் கையால் தோண்டும் ஊற்று நீர் தரும்; ஆனால் கரை சரியும், மறுபடி தோண்ட வேண்டும். அந்த ஊற்றை நிலையான கிணறாக்கியது உறை.

உறைகிணறு என்ற சொல் சங்கப் பாட்டான பட்டினப்பாலையில் வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் புறச்சேரியை வருணிக்கும்போது, பன்றியும் கோழியும் திரியும் அந்தச் சேரிக்கு உறைகிணற்றையே அடையாளமாகத் தருகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். மாளிகைகளின் பெருமையாக அல்ல, உழைக்கும் மக்கள் வாழும் பகுதியின் அன்றாடப் பொருளாகவே அது இலக்கியத்தில் நுழைகிறது. இதே புலவர் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது பெரும்பாணாற்றுப்படையையும் பாடினார். அதில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தை மாமல்லபுரம் என்று சிலரும், வசவசமுத்திரம் என்று சிலரும் கருதுகின்றனர்.

உறைகிணறு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கங்கைச் சமவெளியின் அஸ்தினாபுரத்திலும் மாளவத்தின் உஜ்ஜயினியிலும் கிடைத்துள்ளது. அங்கே கிடைத்தவற்றில் பல, கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழிகள் என்பது ஆய்வாளர் கருத்து. தெற்கில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும், அண்மையில் கீழடியிலும் உறைகள் கிடைத்தன.

உறையை இறக்கும் முறை எளியது, நுட்பமானது. ஆழமில்லாத குழி தோண்டி முதல் வளையத்தை வைப்பார்கள். ஆள் உள்ளே இறங்கி அடிமணலை அள்ள அள்ள, வளையம் தன் எடையில் கீழே இறங்கும். மேலே அடுத்த வளையம் ஏறும். இறுகிய நிலத்தில் கிணறு ‘வெட்டுகிறோம்’. மணலில் ‘உறை இறக்குகிறோம்’. வேலையின் முறை முழுவதும் அந்த வினைச்சொல்லில் இருக்கிறது. இன்று சுடுமண்ணின் இடத்தைச் சிமெண்ட் பிடித்துவிட்டது. ஆனாலும் சிமெண்ட் உறை என்றே கேட்டு வாங்குகிறோம். அதே முறையில்தான் இறக்குகிறோம்.

வசவசமுத்திரம் போன்ற கடற்கரை ஊர்களுக்கு உறைகிணறு ஏன் பொருந்தியது? கடலோர மணலில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏறிவிடும். ஆழமில்லாத உறைகிணறு மேலடுக்கின் நீரை மட்டும் சிறிது சிறிதாக எடுக்கிறது. ஆழ்துளையும் மோட்டாரும் ஓயாமல் உறிஞ்சும்போது உப்பு மேலே வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வீடுகளும் விடுதிகளும் பெருகும் காலத்தில் இந்தக் கணக்கை மறப்பது பேராபத்து. பாலாற்றில் மணல் அள்ளப்படும்போது நீர் தங்கும் இடமே போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதற்காகப் பல வீடுகளில் இறக்கியதும் உறைகளைத்தான். நீரை எடுக்கப் பயன்பட்ட பொருள், நீரை மண்ணுக்குத் திருப்பித் தரவும் பயன்பட்டது.

கழிமுகத்திலும் கடலோரத்திலும் வீடு கட்டுவோர் ஆழ்துளைக்கு முன் உறைகிணற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மழைநீருக்கென ஓர் உறை கட்டாயம் இறக்க வேண்டும். அடித்தளம் தோண்டும்போது பழைய சுடுமண் வளையம் தட்டுப்பட்டால், உடைத்து எறியாமல் வேலையை நிறுத்தி வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். அது இந்த மண்ணில் நமக்கு முன் வாழ்ந்தவர்களின் வீட்டுக் கிணறு.