காடியும் கைப்பக்குவமும்

கொல்லிமலைப் பெண்களில் இலக்கியம் நன்கறிந்தவள் ஒருத்திதான்: கொல்லிப்பாவை. சங்கப் புலவர்கள் தலைவியின் அழகுக்கு அவளை உவமையாக்கினார்கள். அதே மலையின் குண்டூர் நாட்டில் சாமைக்குக் களையெடுத்து, உரலில் குத்தி, அடுத்த ஆண்டுக்கு விதை காத்த பழங்குடிப் பெண்களின் பெயர்கள் ஏடேறவில்லை.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்த இடைவெளி இப்போது முகக்கிரீம் டப்பாக்களின் மீதும் தெரிகிறது. 'நொதித்த தாவரச் சாறு, தோல் எரிச்சலைத் தணிக்கும்' என்று அச்சிட்டு விற்கிறார்கள். நொதித்தல் என்றால் நம் வீட்டுச் சொல்லில் புளிக்கவைத்தல். லாக்டிக் அமில நுண்ணுயிர்கள், தாவரத்தில் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும் பாலிஃபீனால்களை விடுவிக்கின்றன. ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்களில் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களைச் சில சாறுகள் குறைத்திருக்கின்றன. கண்ணாடித் தட்டில் தணிந்தது முகத்திலும் தணியும் என்பதற்கு அது மட்டும் போதாது. விளம்பரம் அதைச் சொல்வதில்லை.

புளிக்கவைக்கும் அறிவு நம்மிடம் இரண்டாகப் பிரிந்தது. சித்த மருத்துவத்தின் காடி, ஆயுர்வேதத்தின் ஆசவம், அரிஷ்டம் ஆகியவை நூலேறி மருந்தாயின. பானையில் ஊறிய நீராகாரம், இரவில் கரைத்து வைத்த கேழ்வரகு மாவு, தலைக்குத் தேய்த்த புளித்த கஞ்சி எல்லாம் சமையலாகவும் கைவைத்தியமாகவும் நின்றன. வெயில் காலத்தில் எவ்வளவு நேரம், பனிக்காலத்தில் எவ்வளவு நேரம், எந்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும் என்ற கணக்கு இங்கும் உண்டு. கணக்கு வைத்தவர்கள் பெண்கள் என்பதால் அதற்குக் 'கைப்பக்குவம்' என்று பெயர். பாராட்டுப் போல ஒலித்தாலும், அறிவைக் கையோடு நிறுத்திவிடும் சொல் அது.

நூலேறாததன் விலை காப்புரிமைச் சட்ட மொழியில் தெரிந்தது. 1995இல் மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்ததால் 1997இல் அது ரத்தானது. வென்றது பாட்டிகளின் சாட்சியம் அல்ல. பழைய நூல்களும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும்தான் சான்றாயின. வெளிநாட்டு வழக்கம் அச்சில் இருந்தால்தான் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் செல்லும். அந்த விதி 2013இல்தான் மாறியது.

எழுதாத அறிவுக்கும் பங்கு தரலாம் என்பதற்கு அகத்தியமலைக் காணிகள் சான்று. ஆரோக்கியப்பச்சை பற்றி அவர்கள் சொன்னதைக் கொண்டு 'ஜீவனி' மருந்து உருவானது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இத்தகைய பகிர்வைக் கடமையாக்கியது. 2023இல் வந்த திருத்தமோ, நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு விலக்கு அளித்தது. நிறுவனம் நூலைக் காட்டினால் போதும். அந்தச் செய்முறை எந்த அடுப்படியிலிருந்து நூலுக்குப் போனது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கொல்லிமலையிலோ ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவ, சாமை நிலம் சுருங்கிவிட்டது. தானியம் போன வீட்டில் அதை ஊறவைக்கும் கணக்கும் நெடுநாள் நிற்காது.

உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க அதே 2002 சட்டம் இடம் தருகிறது. களப்பணிக்குப் போகும் மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் பெண்கள் சொன்னது எத்தனை என்று எண்ணுங்கள். நீங்கள் எழுதும்போது, சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், எழுத அவர் சம்மதித்தாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'ஊர்ப் பெண்கள் கூறியது' என்று மட்டும் எழுதி நோட்டை மூடாதீர்கள்.