பொன் வயலுக்குப் போன தண்ணீர்

மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசத்தில் 1892-ல் கூல்கார்டியிலும், மறு ஆண்டில் கல்கூர்லியிலும் தங்கம் அகப்பட்ட செய்தி பரவி ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து குவிந்தபோது, ஆறென்று பெயர் சொல்ல ஒன்றுமில்லாத அந்த வறண்ட பூமியில் பொன்னைவிட அரிதாயிருந்தது குடிதண்ணீரே. உவர்நீரை விறகெரித்துக் காய்ச்சி வடித்துக் கேலன் கணக்கில் விற்றார்கள். நல்ல ஜலமின்றி டைபாய்டு ஜுரத்துக்கு இரையானவர் பலர்.

ஃபிரிமாண்டில் துறைமுகத்தை அமைத்த பிரதம இஞ்சினீயர் சி. ஒய். ஓ'கானர், பெர்த் நகருக்கு அருகே ஹெலீனா நதியை மண்டேரிங்கில் தேக்கி, சுமார் 530 கிலோமீட்டர் தூரத்துக்கு 30 அங்குல எஃகுக் குழாய் பதித்து, எட்டு நீராவிப் பம்பு நிலையங்களைக் கொண்டு தினந்தோறும் 50 லட்சம் கேலன் நீரை மேட்டுநிலத்துக்கு ஏற்றிவிடலாம் என்று திட்டம் வகுத்தார். மதிப்பீடு 25 லட்சம் பவுன். அந்தச் சிறிய குடியேற்ற நாட்டு சர்க்காரின் ஓராண்டு வருமானத்துக்கு ஏறக்குறைய ஈடான தொகை. அந்நாட்டுப் பிரதமர் ஜான் ஃபாரஸ்ட் 1896-ல் அதற்குரிய கடன் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்.

குழாயைக் காட்டிலும் அதன் பின்னிருந்த கணக்கையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆயிரம் கேலனுக்கு மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று விலை வகுத்து, அந்த வருமானத்திலிருந்தே பம்புகளை ஓட்டும் செலவும், கடனுக்கு வட்டியும், அசலைச் சிறுகச் சிறுகத் தீர்க்கும் நிதியும் கிடைக்க வேண்டுமென்று ஓ'கானர் கணக்கிட்டிருந்தார். விறகும் நிலக்கரியும் எரித்து மேலேற்றிய நீர் வழியில் கசிந்தால் காசே கசிந்ததாகும். ஆகவேதான், ஆணிகள் வரிசையாக அடித்துப் பொருத்தும் பழைய முறையை விடுத்து, இரண்டு அரைவட்டத் தகடுகளைப் பக்கச் சட்டங்களால் இறுகப் பூட்டும் மெஃபன் ஃபெர்கூஸனின் புதுமுறைக் குழாய் தேர்ந்தெடுக்கப்பட்டது; உட்புறம் வழவழப்பாக இருந்ததால் நீரோட்டத்துக்குத் தடையும் குறைந்தது.

1901-ல் ஃபாரஸ்ட் ஆஸ்திரேலியாவின் புதிய கூட்டாட்சி மந்திரிசபைக்குப் போய்விட, துணையின்றி நின்ற ஓ'கானர் மீது பத்திரிகைகளில் ஊழல் பழி குவிந்தது. 1902 மார்ச் 10-ந் தேதி அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுச் சென்ற கடைசிக் குறிப்பிலும், அணையின் பக்கச் சுவர்களை உடனே கட்டும்படி எழுதியிருந்தார். அவர் கைக்கூலி வாங்கினார் என்பதற்கு எந்தச் சான்றையும் அந்தப் பழிகளைப் பற்றி நடந்த விசாரணை காணவில்லை.

1903 ஜனவரி 24-ந் தேதி கல்கூர்லியில் ஃபாரஸ்ட் நீரைத் திறந்துவைத்தார். இன்றும் அந்நகரத்து மக்கள் பருகுவது மண்டேரிங்கிலிருந்து அந்த வழியே வரும் நீரைத்தான்.