விறைப்புக் குறைபாட்டு மாத்திரைகள்: நெஞ்சுவலி மருந்துடன் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து

ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சில்டெனாபில், டாடாலாபில் ஆகிய மாத்திரைகள், முறைப்படி உட்கொண்டால் பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானவை. ஆனால், இதய நோயாளிகள் நெஞ்சுவலிக்காகப் பயன்படுத்தும் நைட்ரேட் வகை மருந்துகளுடன் இவை சேரும்போது ரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிரிழப்பு நேரிடக்கூடும்.

இந்தியாவில் இவை மருத்துவரின் மருந்துச்சீட்டின் பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டியவை. எனினும், பல மருந்துக் கடைகளில் சீட்டு கேட்கப்படுவதில்லை. வாங்குபவரும் கூச்சத்தால் எதையும் விசாரிப்பதில்லை. "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்ற ஒற்றைக் கேள்வி கேட்கப்படாமல் போவதே இங்குள்ள பெரிய ஆபத்து.

நைட்ரேட்டுடன் ஏன் சேரக் கூடாது?

பாலுணர்வு தூண்டப்படும்போது நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளியாகிறது. அது ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ஒரு வேதிப்பொருளைச் செல்களில் உருவாக்குகிறது. அந்த வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதுதான் இம்மாத்திரைகளின் வேலை. தூண்டுதல் இல்லாமல் இவை பயன் தருவதில்லை. ஆசையை உண்டாக்கும் மருந்துகளும் அல்ல.

நைட்ரேட் மருந்துகள் உடலில் நைட்ரிக் ஆக்சைடின் அளவை உயர்த்துகின்றன. ஒருபுறம் ரத்தக்குழாயைத் தளர்த்தும் பொருள் அதிகமாக உற்பத்தியாகிறது. மறுபுறம் அது சிதைவதும் தடுக்கப்படுகிறது. விளைவாக உடல் முழுவதும் ரத்தக்குழாய்கள் விரிந்து, இதயத்துக்கும் மூளைக்கும் போதிய ரத்தம் செல்லாத நிலை ஏற்படுகிறது. சில்டெனாபில் முதலில் இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் இருந்த பைசர் ஆய்வகத்தில் நெஞ்சுவலிக்கான மருந்தாகவே ஆராயப்பட்டது என்பது விந்தையான உண்மை. விறைப்புக் குறைபாட்டுக்கான மருந்தாக அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது 1998 மார்ச்சில்.

நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு டைநைட்ரேட், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் ஆகியவை நைட்ரேட் வகையைச் சேர்ந்தவை. நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் சார்பிட்ரேட் மாத்திரை இந்தியக் குடும்பங்களுக்கு நன்கு அறிமுகமானது. நிகோராண்டில் என்ற இதய மருந்துக்கும், நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கான ரியோசிகுவாட்டுக்கும் இதே தடை பொருந்தும். கேளிக்கை விருந்துகளில் சிலர் முகரும் அமைல் நைட்ரைட்டும் இதே ஆபத்தை விளைவிக்கும்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தவருக்குப் பக்கத்து வீட்டார் தங்களிடம் உள்ள சார்பிட்ரேட்டை எடுத்துக் கொடுப்பது நம் நாட்டில் சாதாரணமாக நடப்பது. நல்லெண்ணத்தில் செய்யப்படும் அந்த உதவி, சில மணி நேரத்துக்கு முன் சில்டெனாபில் உட்கொண்டவருக்கு எமனாகிவிடலாம். சில்டெனாபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், டாடாலாபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

எனவே, மாத்திரை சாப்பிட்ட பிறகு நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ ஏற்பட்டால் உறவை உடனே நிறுத்தி, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். எந்த மாத்திரையை, எத்தனை மணிக்கு உட்கொண்டீர்கள் என்பதை அவசர சிகிச்சை மருத்துவரிடம் ஒளிக்காமல் கூற வேண்டும். நைட்ரேட் இல்லாமலேயே மாரடைப்புக்குச் சிகிச்சை அளிக்க வழிகள் உள்ளன. ஆனால், அவர் அறிந்திருந்தால்தான் அவற்றைத் தேர்ந்தெடுக்க முடியும். மயங்கிய நிலையில் நோயாளியால் பேச இயலாது. ஆகவே, மாத்திரை உட்கொள்வதை மனைவியாவது அறிந்திருப்பது அவசியம். மனைவியிடமும் மறைத்து இம்மருந்தைச் சாப்பிடுவது சரியான முடிவாக இருக்க முடியாது.

அளவும் நேரமும்

சில்டெனாபில் வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கப்படுகிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும், கல்லீரல் பாதிப்பு அல்லது கடுமையான சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் 25 மில்லிகிராம் போதுமானதாகக் கருதப்படுகிறது. உச்ச அளவு 100 மில்லிகிராம். ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் கூடாது. உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு உட்கொள்ள வேண்டும். கொழுப்பு மிகுந்த விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் பலன் தாமதமாகும். பலன் இல்லை என்று கருதி இரண்டாவது மாத்திரையைப் போட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தாமதத்தை அறியாதவர்களே.

டாடாலாபிலின் விளைவு 36 மணி நேரம் வரை நீடிக்கும். அதிக மது அருந்திவிட்டு இவற்றை உட்கொண்டால் ரத்த அழுத்தம் மேலும் குறையும்.

தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, அஜீரணம் ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். சிலருக்குப் பொருள்கள் நீல நிறச் சாயலில் தெரியும். இவை தாமாகவே நீங்கிவிடும். ஆனால், விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பார்வை அல்லது செவித்திறன் திடீரெனக் குறைந்தாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களுக்கு, எழுந்து நிற்கும்போது மயக்கம் வரலாம். இரு பிரச்சினைகளும் ஒரே வயதில் வருவதால் இதைத் தனியே குறிப்பிட வேண்டியுள்ளது. பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், எச்ஐவி சிகிச்சையில் பயன்படும் ரிட்டோனாவிர், ஆன்டிபயாட்டிக் வகையைச் சேர்ந்த கிளாரித்ரோமைசின் ஆகியவை சில்டெனாபிலின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும்.

'மூலிகை' என்ற பெயரில்

வட மாநிலங்களில் ரயில் பாதையோரச் சுவர்களில் ஆண்மைக் குறைவுக்கு உத்தரவாதம் தரும் விளம்பரங்களைக் காணாமல் பயணிக்க முடியாது. இத்தகைய விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்துள்ளது. 'முற்றிலும் மூலிகை' என விற்கப்படும் பாலியல் ஊக்கப் பொருள்களில் சில்டெனாபில் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. மூலிகைதானே என்று நம்பி வாங்கும் இதய நோயாளி, தான் நைட்ரேட்டுக்கு எதிரான மருந்தைச் சாப்பிடுவதை அறியவே மாட்டார். மருத்துவர் கேட்டாலும் அவரால் சொல்ல இயலாது.

மருத்துவரை ஏன் பார்க்க வேண்டும்?

ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் ரத்தக்குழாய்களைவிடக் குறுகியவை. கொழுப்புப் படிவின் பாதிப்பு அங்கு முதலில் வெளிப்படலாம். இதய நோய்க்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே விறைப்புக் குறைபாடு தோன்றுவதுண்டு. சர்க்கரை நோய் கண்டறியப்படாமல் இருப்பதும் காரணமாக இருக்கலாம். கடையில் நேரடியாக மாத்திரை வாங்குபவர், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதிக்கும் வாய்ப்பை இழக்கிறார். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயம் உறவைத் தாங்குமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சில ரத்த அழுத்த மருந்துகளும் மனச்சோர்வு மருந்துகளும்கூட இக்குறைபாட்டை ஏற்படுத்தலாம். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாற்று மருந்து தருமாறு கேட்கலாம்.

மருந்துகளால் ஏற்படும் பக்கவிளைவுகளை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளே நேரடியாகத் தெரிவிக்கலாம்.