இசை ஆல்பத்தின் கால அளவு: கேட்போர் நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஓர் ஆல்பம் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? இக்கேள்விக்குப் பெரும்பாலும் கருவியும் விற்பனையுமே விடை வகுத்து வந்துள்ளன. கேட்பவரின் செவியும் நினைவும் தரும் விடையை ஜாஸ், ராக், பாப் ஆல்பங்கள் வழியே இக்கட்டுரை தேடுகிறது. ஒரே அமர்வில் கேட்டு முடித்து, முழு வடிவத்தையும் மனத்தில் இருத்திக்கொள்ளக் கூடிய அளவே நல்ல அளவு என்பது இதன் கருதுகோள்.

2. கருவிகள் வகுத்த எல்லை

2.1 இசைத்தட்டு: நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே கொண்டது. கர்நாடக இசை வித்வான்களும் ஆலாபனையைச் சுருக்கி, கிருதியை அதற்குள் அடக்கிப் பாட வேண்டியிருந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்பியை வெளியிட்டதும் ஒரு பக்கம் 20 நிமிடத்தைத் தாண்டியது. மேலும் நீட்டினால் ஊசி ஓடும் வரிகள் நெருங்கி, ஒலியின் வலிமை குறையும். தட்டின் மையத்தை அணுகும்போது ஊசி ஒரு சுற்றில் கடக்கும் தூரம் சுருங்குவதால் உச்ச ஒலிகளும் மங்கும்.

2.2 குறுந்தகடு: 1982இல் விற்பனைக்கு வந்த சிடி 74 நிமிடம் வரை இடம் தந்தது. இடம் இருக்கிறது என்பதற்காகவே பாடல்களைச் சேர்க்கும் போக்கு 1990களில் வளர்ந்தது.

2.3 ஸ்ட்ரீமிங்: 2014 இறுதியில் பில்போர்டு தன் ஆல்பப் பட்டியலில் ஸ்ட்ரீமிங்கையும் கணக்கில் எடுத்தது. ஒவ்வொரு பாடலும் தனியே எண்ணப்படுவதால், பாடல்களைக் கூட்டுவது ஆதாயமாயிற்று. 2018இல் வந்த ட்ரேக்கின் ‘ஸ்கார்பியன்’ 25 பாடல்களுடன் ஏறத்தாழ 90 நிமிடம் ஓடுகிறது.

3. நாற்பது நிமிடத்தின் நியாயம்

3.1 சான்றுகள்: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) சுமார் 45 நிமிடம், பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) 36, மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ (1982) 42. ‘த்ரில்லர்’ முதலில் நீண்டுபோனதால் ஒலி மெலிந்தது. தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸின் குழு ‘தி லேடி இன் மை லைஃப்’ பாடலில் ஒரு சரணத்தையே வெட்டியது. எல்லை இருந்ததால் தேர்வு கூர்மை பெற்றது.

3.2 பகுப்பு: பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) ஆல்பத்தில் முதல் பக்கம் சொல்லற்ற பெண்குரலில் அடங்குகிறது, இரண்டாம் பக்கம் நாணய ஓசையுடன் எழுகிறது. தட்டைத் திருப்பும் இடைவெளியில் கேட்டது மனத்தில் படிகிறது. செவி மீண்டும் தயாராகிறது.

3.3 மறுப்பும் விடையும்: தட்டு பழக்கிய அளவையே நாம் விரும்புகிறோம் எனலாம். ரேடியோஹெட்டின் ‘இன் ரெயின்போஸ்’ (2007) இதற்கு விடை. தட்டின் எல்லை இன்றி இணையத்தில் முதலில் வெளியான அது, பத்தே பாடல்களில் 43 நிமிடத்துக்குள் நின்றது. எஞ்சிய எட்டுப் பாடல்கள் சிறப்புப் பதிப்பின் இரண்டாம் தகட்டுக்குச் சென்றன.

4. விதிவிலக்குகள்

4.1 குறுகியவை: ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ (1986) 29 நிமிடமே. அதன் வேகத்தையும் உக்கிரத்தையும் அதற்குமேல் நீட்டினால் செவி மரத்துவிடும்.

4.2 நீண்டவை: ஸ்டீவி வொண்டரின் ‘சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்’ (1976) 100 நிமிடத்தைக் கடந்தும் தளர்வதில்லை, அதன் இசைவகைகள் அத்தனை விரிந்தவை. பீட்டில்ஸின் 1968ஆம் ஆண்டு இரட்டைத் தட்டில் 30 பாடல்கள். அதைச் சுருக்கி ஒற்றைத் தட்டாக வெளியிடலாம் என்றே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கருதினார்.

5. முடிபு

35 முதல் 45 நிமிடம், இரு பகுதிகளாக: கேட்பவருக்கு உகந்த பொது அளவு இதுவே. இதைக் குறைக்க இசையின் செறிவும், கூட்டுவதற்கு அதன் பன்மையும் காரணமாக வேண்டும். வரிசையில் பொருந்தாத நல்ல பாடலைத் தனியே வெளியிடலாம். எந்தப் பாடலை நீக்கினால் ஆல்பம் குறைபடாதோ, அந்தப் பாடலை நீக்கும் துணிவையே கலைஞரிடம் நாம் கேட்க வேண்டும்.